நூறு வாட் சூடு

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான். தொட்டிலுக்கு மேலே நூறு வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரிய விட வேண்டும். சூடு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அது மார்கழி மாதம். தியாகதுருகம் பக்கத்தில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே எங்கள் வாடகை வீடு. கல்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் காற்று ஓட்டு இடுக்கில் நுழைந்து நேராகக் குழந்தையைத்தான் விசாரிக்கும்.

நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பல்பு மாட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று மாட்டினேன். நூறு வாட் என்று அதன் தலையில் எழுதியிருந்ததே தவிர, எரிந்தது பழுத்த மிளகாய் நிறத்தில். என் மனைவி தொட்டிலுக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, இதுல அப்பளம்கூட காயாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் முதல்வரிடம் கேட்டு ஒரு வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் வாங்கி வந்தேன். கொல்லைகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் ஓடும் நேரத்தில், இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பதுதான் இருந்தது. பல்பில் ஓடிய மின்சாரம் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் ஐம்பது வாட். ஒன்றை மற்றதால் வகுத்தால் மின்தடை நானூற்றைம்பது ஓம். நூறு வாட் பல்பு பாதி வேலைதான் பார்க்கிறது என்று மனைவிக்கு விளக்கினேன். "அதத்தான நேத்தே சொன்னேன்" என்றாள்.

பக்கத்திலேயே இன்னொரு பல்பு தொங்கவிட்டேன். இரண்டு ஐம்பது சேர்ந்து நூறு. இரவில் மோட்டார்களுக்கான மும்முனை மின்சாரம் நின்று அவை ஓய்ந்ததும் வோல்டேஜ் ஏறிவிடும். அப்போது ஒன்றைக் கழற்றிவிடுவேன். குழந்தை முகம் சுளிக்காமல் தூங்கினாள். பாடம் நடத்திய அத்தனை வருடத்தில் அந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். டீக்கடையில் பேச்சுவாக்கில், பகலில் வோல்டேஜ் கம்மி, குழந்தைக்குச் சூடு வைக்கவே திண்டாட்டம் என்று புலம்பிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த கொல்லைக்காரர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் காலை, மோட்டார் ஓடும் நேரமாயிற்றே என்று இரண்டாவது பல்பையும் மாட்டிவிட்டுப் போய், பால் வாங்கிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றேன். எங்கும் ஒரு மோட்டார் சத்தமும் இல்லை. உள்ளே ஓடினால் மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை செக்கச் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மீட்டரில் இருநூற்று முப்பது வோல்ட். ஒவ்வொரு பல்பும் முழு நூறு வாட். இரண்டும் சேர்ந்து என் மகளின் மேல் இருநூறு வாட்டைக் கொட்டியிருக்கின்றன. ஈரத் துணியால் ஒற்றி, மடியில் போட்டு விசிறியதும் மெல்லத் தெளிந்தாள். அதற்குள் எங்கோ ஒரு மோட்டார் கிளம்ப, பல்பு மங்கியது. கொஞ்ச நேரத்தில் அது நிற்க, மறுபடி பளிச்சென்றது. "இப்டி ஏறி எறங்கினா நான் எதைப் பாக்கறது?" என்று மனைவி அழுதாள்.

கொல்லைக்கு ஓடினேன். எதிர்க்கொல்லைக்காரர் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மோட்டாரை ஏன் நிறுத்தினீங்க?"

"கொயந்தைக்கு கரண்டு பத்தலன்னீங்களே வாத்தியாரே. அதான் அல்லாரும் பேசி நிறுத்திட்டோம். தண்ணி நாளைக்கு பாச்சிக்கலாம்."

உபகாரம் உபத்திரவமான கதை. கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. வோல்டேஜ் ஏறினால் கரண்டும் ஏறும், இரண்டும் ஏறினால் சூடு இரட்டிப்பாகும் என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கரண்டு கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஒரே மாதிரி இருக்கணும். அதானே?"

"அதேதாண்ணே."

"கெணத்துக்கு மொறை வெக்கற மாதிரி இதுக்கும் வெச்சிட்டா போச்சி."

அந்தப் பக்கத்தில் பங்குக் கிணறுகள் அதிகம். இன்னார் இறைத்து முடித்தால்தான் இன்னார் என்று முறை உண்டு. அதே முறையை அவர்கள் மின்சாரத்துக்கும் வைத்தார்கள். பகலில் எப்போதும் நாலு மோட்டார் ஓட வேண்டும். ஒருவர் நிறுத்தப்போனால் கூவிச் சொல்லி, அடுத்தவர் தன்னுடையதைப் போட்ட பிறகே நிறுத்த வேண்டும். இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். என் மீட்டர் முள் நூற்றைம்பதை ஒட்டியே நின்றது.

தை பிறந்தது. குழந்தை கன்னம் வைத்தாள். கரும்பு முற்றி, வெட்டுக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வெட்டப்போகும் கரும்புக்குத் தண்ணீர் விடமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் எதிர்க்கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அவர் குழாயின் வாயைத் திருப்பிக் கட்டியிருந்தார். கிணற்றில் எடுத்த தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே இது?"

"மொறை இன்னிக்கு என்னுதாச்சே" என்றார். "கொயந்தை தூங்குதா?"

தூங்குகிறாள் என்று தலையை ஆட்டினேன்.