மாசி இருபதில் அடித்த தேதி

அக்காவின் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்தபோது, அவள் ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயைச் சீவி மொட்டைமாடியில் காயவைத்து, பொடியைத் தானே இடித்துக் குறுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இரணியல் பக்கம் ஏத்தங்காய்ப் பொடி தயாரிக்கும் சிறிய கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன்.

"தூசி, ஈரம், பூஞ்சை. மூணு தொல்லை எதுக்கு? எங்க பாக்கெட்டை வாங்கு. தேதி நான் வச்சதாக்கும்."

நான் வைத்ததுதான். நான்கு மாதம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு பாக்கெட்டைப் பிரித்து நிறம், மணம், ஈரப்பதம், ருசி என்று நோட்டில் எழுதினேன். தொண்ணூறு நாள் வரை குறையில்லை. அதற்குப் பிறகு ஒரு சிக்கு வாடை வந்தது, காய்ச்சினாலும் போகவில்லை. முதலாளி அதுவரை ஆறு மாதம் என்று அடித்துக்கொண்டிருந்தார். பலநாள் பேசி, தொண்ணூறுக்குச் சம்மதித்தார். அன்று பஸ்ஸில் வீடுவரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

பாக்கெட் போடும் பெண்களில் மூத்தவரை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவோம். கைமெஷினில் தேதி அடிக்க அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பாக விழுந்தால் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி அடிப்பதையும்தான். மத்தியானச் சோற்றில் எனக்கென்று ஒரு துண்டு மீன் எடுத்து வைப்பார்.

2013இல், ஐயாவழிக்காரர்களின் ஐயா பிறந்தநாளான மாசி இருபதுக்கு வழக்கம்போல் மாவட்டத்துக்கு விடுமுறை. எங்கள் பெண்களில் பாதிப்பேர் ஐயாவழி என்பதால் கம்பெனியையும் பூட்டினார்கள். மைனி என்னையும் ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனார். காவித் தலைப்பாகைகளுக்கு நடுவே என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஏப்ரலில் பூதப்பாண்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். நான் கொடுத்தனுப்பிய இரண்டு பாக்கெட் தீர்ந்து, மூன்றாவதை வடசேரியில் வாங்கியிருந்தாள்.

"ஏட்டி, பிள்ளை துப்புது. நேத்தும் துப்பிச்சு. நான் வாயில வச்சுப் பாத்தேன், ஒருமாதிரி இருக்கு."

"தேதி பாத்தியா?"

"பாக்காம வாங்குவேனா? ஜூன் ரெண்டு வரை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். பாக்கெட்டைத் திறந்ததும் அந்த வாடை. என் நோட்டில் நூற்றைந்தாம் நாளுக்கு எதிரே எழுதியிருந்த அதே வாடை. தயாரித்த தேதியைப் பார்த்தேன்: மார்ச் நான்கு. அதுதான் மாசி இருபது. அன்று அரவை மெஷினும் ஓடவில்லை, தேதி மெஷினும் ஓடவில்லை. கவரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது, எழுத்துக்குக் கீழே துடைத்த பழைய மை மங்கலாகத் தெரிந்தது.

மறுநாள் மைனியிடம் பாக்கெட்டை நீட்டினேன். அவர் மறைக்கவில்லை.

"கடையிலேருந்து திரும்பி வந்த சரக்கு மக்கா. முதலாளி சொன்னாரு, தொடச்சு அடிச்சோம். காலண்டரைப் பாக்காம ஏதோ ஒரு தேதி."

"எத்தனை நாளா?"

"நீ தொண்ணூறுன்னு வச்ச பொறவுதான். அதுக்கு முன்ன இவ்வளவு திரும்பி வராதே. பொடிதானே, விஷமா?"

"எனக்க அக்கா பிள்ளைக்கு இதத்தான் குடுத்தோம், மைனி."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "ஐயோ, ஒனக்க அக்கா பிள்ளைக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? புதுசா எடுத்து வச்சிருப்பேனே!"

அவர் வருத்தம் நிஜம். எனக்குத் தாங்காமல் போனது அதுதான். வடசேரியில் அதே பொடியை வாங்கிய மற்ற வீட்டுக்காரர்களுக்குக் கம்பெனிக்குள் ஒரு மைனி இல்லை.

அந்த வாரமே வேலையை விட்டேன். பாக்கெட்டையும் நோட்டின் நகலையும் வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஏத்தங்காய்க் குலை ஒன்று வாங்கிச் சீவி, மாடியில் காயப்போட்டாள்.

பொடித்த அன்று நானே பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி, அன்றைய தேதியையும் அறுபது நாள் என்பதையும் எழுதினேன். "சரிட்டி" என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது பிள்ளைக்குக் குறுக்கு காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து மோந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். அதற்குப் பிறகுதான் பொடியைத் தண்ணீரில் கரைத்தாள்.