டைகரின் கழுத்துப் புண்

நாய் வைத்தியத்தில் பாதி வேலை நாயோடு, மீதி வேலை நாயைக் கூட்டி வருகிறவர்களோடு. இதில் எது அதிகம் கடிக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. நாய்க்கு மருந்து கொடுக்கப் போய்க் கையில் பல் தழும்பு வாங்கிய சகோதரிகளுக்கு நான் சொல்லவும் வேண்டாம்.

யுத்தம் முடிந்த சமயம், மயிலாப்பூரில் ஒரு மிருக வைத்தியர் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படிப்பு, மாட்டுக்குப் பயப்படாத கை. இந்த இரண்டையும் பார்த்து டாக்டர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். கைக்குழந்தை உள்ளே தூளியில் தூங்கும். நான் முன்கட்டில் ஊசி கொதிக்க வைப்பேன், கட்டுப் போடுவேன், நாயைப் பிடிப்பேன்.

காப்பிப் பொடி

ஒரு மார்கழிக் காலையில், தியாகராய நகரிலிருந்து ஒரு மாமி ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வண்டிக்காரர் காதர் பாய் அவள் நாய் டைகரைச் சாக்கோடு தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். தெருநாய் கழுத்தைக் கடித்து நாலு நாளாகியிருந்தது. கழுத்து பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது, காயத்தின் மேல் கறுப்பாக ஒரு பக்கு.

டாக்டர் அதை ஊறவைத்துப் பெயர்த்ததும் முதலில் வந்தது கமகமவென்று காப்பி வாசனை. பின்னாலேயே கரண்டி கரண்டியாகச் சீழ். ரத்தம் நிற்கக் காப்பிப் பொடியை அப்பியிருக்கிறாள். வாய் மூடிய காயத்துக்குள்ளே கிருமி சௌகரியமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஜுரம் நூற்றைந்து. “விஷம் ரத்தத்தில் ஏறிண்டிருக்கு, பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது” என்றார் டாக்டர். மாமியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

“சிக்கரி கலக்காத பொடியாக்கும் டாக்டர்! எங்காத்து மாமாவுக்குக்கூட அதைக் கண்ல காட்டலை!”

யார் பிடிப்பது?

மறுநாள் புண்ணைக் கழுவ வேண்டும். நுரைக்கிற மருந்தை ஊற்றினால் நாய் துள்ளும், இரண்டு பேர் பிடித்தாக வேண்டும். மாமி குளித்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் சுவாமிக்கு நைவேத்தியம் பண்ணவேண்டும், தொடமாட்டாள். காதர் பாய் தொழுகைக்குக் கை கால் கழுவிவிட்டார். நாய் எச்சில் பட்டால் மறுபடி கழுவ வேண்டும் என்று குதிரைப் பக்கம் நகர்ந்தார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஊரிலே எல்லாரும் சுத்தமாயிட்டாம்மா. அழுக்கு நீயும் நானும்தான். பிடி!”

தட்டில் மிஞ்சியது

சீழை அடக்கச் சல்பா மாத்திரை, ஒரு நாளைக்கு நாலு வேளை. “கூடவே தண்ணி நிறையக் குடிக்கணும்” என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். மாமி மாத்திரையைத் தயிர் சாதத்தில் ஒளித்து வைத்திருக்கிறாள். டைகர் சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டோரத்தில் நக்கி, பளபளவென்று வைத்துவிட்டது. அதை ஒரு சம்புடத்தில் போட்டு சாட்சிக்கு எடுத்து வந்தாள்!

என் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு ஒன்று இருந்தது. மாத்திரையை அடிநாக்கில் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவிக்கொண்டே, கன்னத்து ஓரமாகச் சங்கால் தண்ணீர் விட்டேன். மடக் மடக்கென்று உள்ளே போயிற்று. பிள்ளை பெற்றவர்களுக்கு இது ஒரு வித்தையா என்ன? வாசலில் நின்ற காதர் பாய்க்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை.

“இன்னா மாமி, ஒங்க நாயி நம்ப குதிரைய வுட கெட்டியாகீதே! அது கொள்ளுல இன்னா வெச்சாலும் முழுங்கிக்கினு போய்க்கினே இருக்கும்.”

நாய்க்குக் கேட்ட கேள்வி

நாலாம் நாள் ஜுரம் இறங்கிற்று. புண்ணுக்குள் ரோஜா நிறத்தில் புதுச் சதை. இனி நாள்தோறும் வரவேண்டாம், வீட்டில் மாத்திரையை மட்டும் விடாமல் கொடுத்தால் போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் மாமி தலைகூட வாராமல் ஓடி வந்தாள். டைகர் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து மூத்திரம் போகவில்லை. “நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சுது?” என்று டாக்டர் கேட்டார். மாமி தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்.

“நேத்து வைகுண்ட ஏகாதசியோன்னோ? எங்காத்துல ஜலம்கூடக் கிடையாது. டைகரும் எங்காத்துக் குழந்தைதானே! மருந்துக்கு தோஷமில்லேன்னு மாத்திரையை மட்டும் நெய்யில தோச்சுக் கொடுத்தேன்.”

வண்டிச் சக்கரம்

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இல்லாத உடம்பில் அந்த மருந்து மணல் மணலாகச் சேர்ந்து மூத்திரத்தை அடைத்துவிடும். மாத்திரையை நிறுத்தினால் சீழ் திரும்பும். கொடுத்தால் அடைப்பு முற்றும். பென்சிலின் என்று ஒன்று வந்திருந்தது, ஆனால் மனுஷருக்கே அதற்குச் சிபாரிசு பிடிக்க வேண்டிய காலம். சோடா உப்புக் கலந்த தண்ணீரைச் சங்கு சங்காக விட்டேன். மணி ஒன்பது, பத்து, பதினொன்று. கொல்லையில் எங்கே கூட்டிப் போனாலும் டைகர் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஏகாதசிக்கு மறுநாள், துவாதசியன்று, காலையிலேயே சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டியவள் மாமி. பச்சைத் தண்ணீர் தொடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தோட்டத்துல இன்னாத்துக்குப் போவும்? நாயி சக்கரத்தைப் பாத்தா வுடாதும்மா, எனக்குத் தெரியும்” என்று காதர் பாய் தாமே சாக்கோடு டைகரை அள்ளிக்கொண்டு போய் ஜட்கா அருகில் விட்டார். மாமியும் பின்னாலேயே போய்ச் சக்கரத்தை ஒட்டி நின்றாள். டைகர் முகர்ந்தது. ஒரு சுற்று சுற்றியது. மெதுவாகக் காலைத் தூக்கியது. முதலில் சொட்டு, பிறகு தாரை. சக்கரத்தில் பாதி, மாமியின் புடவைக் கொசுவத்தில் பாதி. “அல்லா!” என்றார் பாய். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் புடவையை இழுக்கப் போனேன். மாமி கையைத் தட்டிவிட்டாள், ஓரடி நகரவில்லை.

“சும்மா இருடி! நன்னாப் பெய்யட்டும், நான் இன்னொரு தரம் குளிச்சாப் போச்சு!”

பொங்கலுக்குள் புண் ஆறி டைகரின் கழுத்தில் ரோமம்கூட முளைத்துவிட்டது என்றாலும், ஒரு நாய் காலைத் தூக்கியதற்கு நாலு பேர் நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம்.