மச்சானைத் தேடி சயாம் வரை

என் அக்காவின் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனது மலாக்காவில், தெங்கேரா சாலையில், பட்டப்பகலில். மீன் வாங்க நடந்து போனவர். அவரை லாரியில் ஏற்றியதைப் பார்த்த மீன்காரர்தான் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். ரப்பர் தோட்டத்து ஆட்களைத்தான் பிடிப்பான், டவுனில் இருக்கிற நம்மைத் தொடமாட்டான் என்று நம்பியிருந்தோம்.

மச்சான் மலாக்கா செட்டி. கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார், தமிழ் வராது. அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அக்காவோடு அந்த வீட்டில்தான் இருந்தேன். நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். மச்சான் அதைக் குறையாக நினைத்ததில்லை. மாலையில் இருவரும் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினுக்கு எண்ணெய் விடுவோம். ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். அப்படிப்பட்ட மனிதர் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

அந்தக் குடும்பங்களில் பார்ச்சு என்று ஒரு படையல் உண்டு. பொங்கலுக்கு முன் ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. வீட்டில் இறந்துபோனவர்களுக்கு இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பார்கள். அவர்கள் சாப்பிடட்டும் என்று சற்று நேரம் விலகி நிற்பார்கள். மச்சானைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் பொங்கல் பார்ச்சு வந்தது. இலைகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் மாமியார் பாதியில் நிறுத்தி, மலாயில் சொன்னார்:

“உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட்டால் நானே என் பிள்ளையைக் கொன்ற மாதிரி. செத்துப்போனவனுக்குப் போடாவிட்டால் எல்லாரும் உள்ளே சாப்பிட, அவன் மட்டும் வெளியே பசியோடு நிற்பான். எதைச் செய்ய?”

அக்கா அந்த முறை போடவிடவில்லை. பழப் பார்ச்சுக்குள் தனக்கு ஒரு பதில் வேண்டும் என்றார் மாமியார். அன்று மத்தியானம் அக்கா என்னிடம் வந்தாள்.

“தம்பி, நீ போய் பாத்துட்டு வாடா.”

“எங்கக்கா?”

“எங்கன்னா? சயாமுக்குத்தான். சைக்கிள் சும்மாதானே கெடக்கு.”

ஏதோ பொட்டிக்கடைக்குப் போகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். நான் வேலை பார்த்த மளிகைக் கடை முதலாளி, கெடாவில் அரிசி பார்த்து வர ஆள் அனுப்புவதாகச் சொல்லி எனக்கு ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்தார். அந்த நல்ல மனிதருக்கு அரிசி வராது என்று தெரியும்.

டியூப் கிடைக்காத காலம். ரப்பர் ஷீட்டைக் கயிறுபோல அறுத்து, முறுக்கி, டயருக்குள் திணித்து வைத்திருந்தேன். அதில் காற்றும் இல்லை, இளக்கமும் இல்லை. சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் பல்லில் தெரியும். சிரம்பான் போய்ச் சேர்வதற்குள் கை மரத்துவிட்டது. கோலாலம்பூருக்கு வெளியே ஒரு பாலத்தில் குனிந்து வணக்கம் வைக்கத் தாமதித்துவிட்டேன். காவலுக்கு நின்ற ஜப்பான்காரன் அறைந்து, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்தான். அது வலித்தது. ஆனால் யாரிடமாவது வாயைத் திறந்து வழி கேட்பது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ரயில் தண்டவாளம் கண்ணில் படுகிறமாதிரி ஓட்டினால் கேட்கவே வேண்டாம் என்று பிறகு கண்டுபிடித்தேன்.

தாப்பாவைத் தாண்டி ஒரு தோட்டத்தில் தண்ணீர் குடிக்க நின்றேன். ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஆம்பளை என்று பார்க்க இரண்டு கிழவர்கள்தான். சயாமுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எங்க வீட்டுக்காரரு கொஞ்சம் நொண்டுவாரு தம்பி. இடது காலு.”

“எம்மவனுக்குக் காது குத்தின ஓட்டை ஒண்ணு பெருசா இருக்கும். பாத்தா ஆத்தா இன்னும் சாவலன்னு சொல்லு.”

“இவ புருஷன் மட்டும் கெடைச்சா அங்கயே விட்டுட்டு வாய்யா. குடிகாரப்பய, அங்கயாவது அடங்கி இருக்கட்டும்,” என்றாள் ஒருத்தி. அந்தப் புருஷனுக்கு உரியவளே முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கை என் பையில் போட்டாள்.

சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். கோலகங்சாரைத் தாண்டி புக்கிட் பெராப்பிட் மேட்டில் சைக்கிளை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு ஏறினேன். உச்சியில் ஏறி உட்கார்ந்ததும் சாலை என்னை இழுத்துக்கொண்டு போனது. இரு பக்கமும் காடு, முகத்தில் குளிர்ந்த காற்று. காலைப் பெடலிலிருந்து தூக்கிவிட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாய் தானாகப் பாடியது. கீழே வந்து நின்றபோதுதான் எதற்காக வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அப்போது அழுததுபோல வழியிலோ வீட்டிலோ வேறு எங்குமோ நான் அழுததில்லை.

கெடாவில் காவல் மாறியது. இனிமேல் சயாம் என்றார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். ஜப்பான்காரன் கெடாவையே சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்பது எனக்குத் தெரியாது. உண்மையான சயாம் இன்னும் தள்ளி இருந்தது. வயல்களுக்கு நடுவே காய்ச்சலோடு ஓட்டினேன். அலோர் ஸ்டாரில் ஒரு சீனர் தன் கொட்டகையில் படுக்கவிட்டு, கஞ்சி ஊற்றினார். உடம்பு தேறியதும் எல்லையைத் தாண்டி ஹாட் யாய் போய்ச் சேர்ந்தேன்.

மேலே ரயில் பாதையில் வேலை செய்ய முடியாமல் போனவர்களை ரயிலில் கொண்டுவந்து ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டாய்களில் போட்டிருந்தார்கள். தமிழர்கள் இருந்த கொட்டாயில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. காலில் புண்ணுக்குத் துணி சுற்றியிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை பாக்க வந்தவன் மாதிரி ஏன்டா முழிக்கிற? யாரு வேணும்?”

சொன்னேன். மலாக்கா, காஜா பேராங், நெற்றியில் பழைய தழும்பு, தமிழ் வராது, மலாய்தான்.

“மலாய் பேசுறவன இங்க வந்து தேடுனா? நாக்கு எங்க ஒத்துப்போவுதோ அங்கதான் படுப்பான். கடைசி கொட்டாய்க்குப் போ.”

கடைசிக் கொட்டாயில் ஜோகூர், சிலாங்கூர் பக்கத்து மலாய்க்காரர்கள். காஜா பேராங் என்றதும், எலும்பாகக் கிடந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். மச்சானும் அவரும் மேலே ஒரே குடிசையில் இருந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து, மச்சான் அங்கேயே போய்விட்டார்.

“அவன் இந்து. அவனே சொல்லியிருக்கிறான்,” என்றார் அவர், மலாயில். “உங்கள் மந்திரம் எங்கள் யாருக்கும் தெரியாது. சும்மா மண்ணில் போட மனம் வரவில்லை. கழுவி, எங்களுக்குத் தெரிந்ததை ஓதினோம். கோபித்துக்கொள்ளாதே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர், மச்சான் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததாக ஒன்றைச் சொன்னார். அர்த்தம் தெரியாமல், உடைந்த தமிழில்: “நேரத்தோட வீடு வந்து சேருங்க.”

அக்கா வாசலில் நின்று சொல்கிற வார்த்தை.

திரும்பும்போது தாப்பா தோட்டத்திலும் நின்றேன். ஒவ்வொருவரிடமும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதற்கும் கிழங்கு கொடுத்தார்கள்.

பழப் பார்ச்சுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தேன். மாமியாரிடம் சொன்னதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா நின்றபடியே கேட்டாள். அந்த வார்த்தையையும் சொன்னேன்.

“எல்லாப் பொண்டாட்டியும் சொல்றதுதானே அது,” என்றாள். “புதைச்ச மண்ணையாவது பாத்தியா?”

“இல்லக்கா. அது காட்டுக்குள்ள ரொம்ப தூரம். விடமாட்டாங்க.”

“அப்ப நீ ஒண்ணும் பாக்கல.”

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. பழப் பார்ச்சு அன்று மாமியார் மகனுக்கு விரித்த இலையை அக்கா எடுத்து மடித்து வைத்துவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாமியார் இரண்டு வீடு தள்ளி இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போனார். மகனுக்கு அங்கே இலை போட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான்தான் பரிமாறினேன்.

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். எனக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் அப்படித்தான் நடக்கிறது. அக்கா நெற்றியில் பொட்டு இருக்கிறது. பார்ச்சு அன்று நான் எங்கே போகிறேன் என்று அவள் கேட்பதில்லை. போன வருஷம் மட்டும், அங்கிருந்து நான் திரும்பி வந்து கை கழுவும்போது, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“என்ன பழம் வெச்சாங்க?”

“டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன்.”

அவள் அரிசியில் இருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“மங்குஸ்தீன் அவருக்கு ஆவாது. வயித்த வலிக்கும். மாமிகிட்ட சொல்லு.”

இந்த வருஷம் சொன்னேன். வைக்கவில்லை.