கடலில் கூப்பிட்ட பெயர்

அறுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம் நடந்தது இது. அப்போது பம்பாய் செம்பூரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் கணவர் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய அதிகாரி ஒரு பார்சிக்காரர். சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவரும் மனைவியும் தெற்கே முருட் பக்கம் போய், நான்கு நாள் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி வரக் கிளம்பினார்கள். என் கணவர் நன்றாக நீந்துவார் என்பதால் எங்களையும் அழைத்தார். எனக்கோ வாளித் தண்ணீரே ஆழம்.

முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தே கழித்தேன். அதிகாரியின் மனைவி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள்தான் கடல் இவ்வளவு அழகா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அதிகாரி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த காற்றுச் சிலிண்டர் ஒன்று படகில் இருந்தது. அதை முதுகில் கட்டி, குழாயை வாயில் கவ்விக்கொண்டால் தண்ணீருக்கடியில் மூச்சு விடலாம். முந்தின நாள் என் கணவருக்கு அதைப் பழக்கிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து இவருக்கு மீனைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

மூன்றாம் நாள் காலை அதிகாரியும் மனைவியும் குடிதண்ணீர் எடுக்கச் சின்னப் படகில் கரைக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் சேர்ந்து இறங்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இவருக்கு எங்கே பொறுக்கிறது?

"பத்தே நிமிஷம். நங்கூரக் கயித்த விட்டு நகரமாட்டேன். நீ அவங்ககிட்ட சொல்லிராத" என்று குழந்தை மாதிரி கெஞ்சிவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்து அவர் தலை தெரிந்தது வெகுதூரத்தில். நீரோட்டம் இழுத்துப் போயிருக்கிறது. முகத்தில் மாட்டியிருந்த நீச்சல் கண்ணாடியில் ஆவி படிந்ததால், எதிரே மங்கலாகத் தெரிந்த மீன்பிடிப் படகை எங்கள் படகென்று நினைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீந்தினார். நடுவில் அலைகள் மோதித் தெறிக்கும் பாறைகள். அதில் மாட்டினால் ஆள் மிஞ்சமாட்டார்.

"இஞ்சேருங்க" என்று கத்தினேன். திரும்பவில்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்குக் கேட்டால் போதும் என்று வைத்துக்கொண்ட சொல் அது, கடலுக்கு எப்படிப் போதும்? பக்கத்து வீட்டு சிந்திக்காரப் பெண் தன் கணவரை அழைப்பதுபோல "அஜி, சுனியே" என்றும் கூப்பிட்டேன். கரண்டியால் தட்டில் அடித்தேன். பெயர் மட்டும் தொண்டையிலேயே நின்றது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொல்லி வளர்த்திருந்தார்கள். ரேஷன் ஆபீஸில் கேட்டபோதுகூட எழுதித்தான் காட்டினேன்.

பாறை நெருங்கிவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்தப் பெயரைக் கத்தினேன். தொண்டை கிழிய, அடுத்தடுத்து, ஊர்ச் சண்டையில் கூப்பிடுவதுபோல வெறும் பெயர்.

கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி அவர் பக்கத்தில் வந்து சேர எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. கயிறு கட்டிய மிதவை வளையத்தை வீசி, உள்ளங்கை உரிய இழுத்தேன். படகின் விளிம்பைப் பிடித்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் அவர் கேட்டது:

"ஏட்டி, எம் பேரு ஒனக்குத் தெரியுமா?"

ஈரத் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பிறகு அவர் மேலே ஏறியதும் அதே தோளில் சாய்ந்து அழுதேன்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சு. மீன்காரங்க யாரையோ கூப்பிடுதாங்கன்னு நெனச்சேன். எம் பேரு காதுல விழுந்த பெறவுதான் திரும்புனேன்" என்றார்.

அதிகாரி வந்து ஈரச் சிலிண்டரைப் பார்த்துவிட்டு இவரைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. மொழி முழுதாகப் புரியாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. அவர் ஆயுளைக் காப்பதாக நினைத்து வாய் திறக்காமல் நின்ற அந்தச் சில நிமிடங்களில் அவரையே பறிகொடுத்திருப்பேனே என்று தோன்றும்போதெல்லாம், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய் அவர் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.