மேற்குச் சுவரின் சிமெண்ட்

1974 ஆவணியில் நான் ஒதியம்பட்டுக்குத் திரும்பி வந்தபோது, அக்கா அன்னாமேரி வீட்டின் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வேலையில் நாக்பூர், போபால் என்று ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரியாக அலைந்த எனக்கு, அத்தான் இறந்த செய்தி மாதங்கள் கழித்துத்தான் கிடைத்தது. என்னைக் கண்டதும் அக்கா அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

"பெட்டிய உள்ள வச்சிட்டு வா. இங்க காத வையி," என்றாள்.

வைத்தேன். விரல் முட்டியால் தட்டினாள். காலிப் பானையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது.

அது மண்சுவர். அத்தான் இன்னாசி மில்லில் வேலை பார்த்தவர். முந்தின வருஷம் வில்லியனூர் மாதா தேருக்கு எல்லோரும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அத்தான் மட்டும், விருந்தாளிகள் கண்ணில் படட்டும் என்று, சாலையைப் பார்த்த மேற்குச் சுவருக்குச் சிமெண்ட் பூசினார். ஊரே வந்து தடவிப் பார்த்ததாம். ஈரம் காய்வதற்குள் நடுவில் ஒரு சிலுவை வரைந்து, உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை அதில் பதித்தார்.

அந்த மழைக்காலத்தில் கூரை விளிம்பில் ஓர் ஓடு உடைந்து, தண்ணீர் சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இறங்கியது. மண்சுவர் குடித்த தண்ணீரை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடவில்லை. மார்கழியில் அத்தான் காய்ச்சலில் போனார். சித்திரையில் சுவர் வயிறு தள்ளியது. விரிசல் விட்ட இடத்தை அக்கா மீந்திருந்த சிமெண்டைக் குழைத்தே அடைத்தாள். இன்னும் தள்ளியது. அதுவரை அந்தச் சுவரோரம் படுத்தவள், பாயைச் சுருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிறு பூசை முடிந்து அத்தானின் தம்பி சவரிநாதன் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணி, ஐப்பசி மழைக்கு இது நிக்காது. அப்ப வண்டி எடுத்துனு வரேன், சாமானெல்லாம் ஏத்திக்கலாம். எம் பொஞ்சாதி கிரேசும் கைக்கொழந்தய வச்சினு கஷ்டப்படுது. நீங்க எங்க வூட்டுக்கு வந்தா ஒத்தாசையா இருக்கும்."

"நின்னுட்டா?"

"நின்னா இங்கயே இருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகு, "நல்ல மனுசன்தானேக்கா, போனா இன்னா?" என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்தான். அங்க போனா நாள் பூரா யாராச்சும் என்னாண்ட பேசிகினே இருப்பாங்கடி. இங்க யாரும் பேச மாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்காகத்தான் அந்தச் சுவர் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு தடை இருந்தது. எங்கள் பக்கத்தில் துக்க வருஷம் முடியும்வரை சாவு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு படக்கூடாது. வருஷப் பூசை மார்கழியில். மழை அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

மறுநாள் காலை அக்கா உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ராமாயி ஓடி வந்தாள்.

"இன்னா மேரி, புருசன் பூசுனத நீயே பேக்கற? சாவு வூட்டு சுவத்தத் தொடலாமா?"

"சுண்ணாம்புதான் தொடக்கூடாதுன்னாங்க. மண்ணப் பத்தி யாரும் சொல்லல."

"உங்க சாமியாரு ஒத்துக்குவாரா?"

"அவரு இருக்கறது காரை வூடு. அவருக்கு இன்னா தெரியும்."

ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு கூடை உமியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஓரத்திலிருந்து உளியைச் சாய்த்துக் கொடுத்தால் சிமெண்ட் பாளம் பாளமாக வந்தது. பின்னால் மண் கறுத்து, கையில் ஒட்டியது. சிலுவை மட்டும் மிஞ்சியது.

"அத வுட்டுடேன்க்கா."

"அதுக்குப் பின்னாலதான் ஈரம் சாஸ்தி," என்று உளியை வைத்தாள். ஒரே துண்டாக வந்தது. அதைப் பின்பக்கம் கொண்டுபோய் வேலியில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது இருக்கும் முகம்தான்.

சுவரை வெயிலில் காயவிட்டோம். முதலில் உடைந்த ஓட்டை மாற்றினாள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் கீழே பூசுவது வீண் என்றாள். செம்மண்ணில் உமியும் நறுக்கிய வைக்கோலும் போட்டு நான் மிதித்தேன். இரவு ஊறவைத்தோம். காலையில் சுவருக்குத் தண்ணீர் தெளித்து, குழிந்த இடங்களில் மண்ணை உள்ளங்கையால் அறைந்து அழுத்தினாள். ஒரே நாளில் தடிமனாகப் பூசவில்லை. ஒரு பூச்சு காய்ந்து வெடிப்பு விட்ட பிறகே அடுத்தது. கடைசியில் சாணம் கரைத்து மெழுகினாள். சாரல் படாமல் இருக்க, தென்னங்கீற்று முடைந்து சுவரின் மேல் தொங்கவிட்டோம். மற்ற மூன்று பக்கமும் பழைய வெள்ளை. அந்தப் பக்கம் மட்டும் பழுப்பு.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கொஞ்சம் ஓய்ந்த ஒரு மத்தியானம் சவரிநாதன் மாட்டுவண்டியோடு வந்தார். கீற்றைத் தூக்கி, சுவரில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே வந்து அந்தப் பக்கமும் வைத்தார். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தார்.

"காஞ்சிதான் கீது," என்றார்.

"காப்பி குடி தம்பி."

குடித்தார். கை கழுவப் பின்பக்கம் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். வேலியோரம் இருந்த சிலுவைத் துண்டைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, வளையல் துண்டுகளுக்கு இடையிலிருந்த சேற்றைத் தோள் துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"நான் எடுத்துனு போவட்டா அண்ணி?"

"எடுத்துக்க. வண்டி சும்மாதானே போவுது."

அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அக்கா வாசல்வரை வரவில்லை. நான் உள்ளே திரும்பியபோது, அடுப்படியிலிருந்த பாயை எடுத்துவந்து மேற்குச் சுவரோரம் விரித்துக்கொண்டிருந்தாள்.