முனீஸ்வரன் தயவில் முழு லைன்

போன மாதம் நாடாளுமன்றத்தை நேரலையில் பார்த்தேன். முனீஸ்வரன் கோயிலில் உட்கார்ந்து.

ஏன் கோயிலில்? அங்கேதான் போனுக்கு லைன் வரும்.

செமோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. ஆட்களும் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் கொஞ்சம் வீடுகள். அதில் ஒன்று என் பெரியப்பா மகள் சரசு அக்காவுடையது. நான் இருப்பது அங்கிருந்து தள்ளி, குனோங் ராபாட்டில். அன்றைக்கு நான் ஓட்டுகிற லோரி பட்டறையில் கிடந்தது. அக்கா வரச் சொன்னார். போனேன்.

அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் போன் பேச முடியாது. மலை மறைக்கிறதா, மரம் மறைக்கிறதா... யாருக்குத் தெரியும்? மேட்டில் இருக்கிற கோயிலில் மட்டும் லைன் கண்ணாடி மாதிரி வரும். கல்யாணப் பேச்சு முதல் சமையல் கேஸ் தோங் ஆர்டர் வரை எல்லாம் சாமி முன்னால்தான்.

அக்காவின் மகள் கவிதா. தலைநகர் கே.எல்.லில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஏற்பாடு. வீட்டில்தான் லைன் இல்லையே? காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவாள். மேலே தகரக் கூரை. பின்னால் மீசையும் அரிவாளுமாக முனீஸ்வரன். மீட்டிங் நடக்கும்போது யாராவது வந்து மணி அடிப்பார்கள். பாஸ் கேட்பார் – அங்கே என்ன சத்தம்? "டோர் பெல் சார்" என்பாள்.

மழை வந்தால் வேலை நின்றுவிடும். சேவல் பூசை வந்தாலும் நின்றுவிடும். பாஸ் பொறுத்துப் பார்த்தார். இப்படி விட்டு விட்டு வேலை பார்ப்பதானால் கே.எல். வந்து ஆபிசில் உட்கார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கணவர் இறந்த பிறகு அக்காவுக்கு இருப்பது இந்த ஒரு பெண். கே.எல். போனால் வீட்டில் அக்காவும் பூனையும்தான்.

அதனால்தான் அக்கா போன் டவர் கேட்டார். அதற்குத்தான் வைபியைப் பிடித்தார்.

வைபி என்றால் அந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்; இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். நன்றாகப் பேசுவார். கொஞ்சம் கூடவே பேசுவார்.

அன்றைக்கு நாடாளுமன்றத்தில் எழுந்தார். அடுக்கினார். டேட்டா சென்டர்களுக்கு இவ்வளவு கரண்ட் தருகிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? பில் யார் தலையில்? ஏஐ ஏஐ என்கிறீர்களே, சட்டம் எங்கே? நாடே டிஜிட்டல் என்கிறீர்கள், என் தொகுதியில் ஒரு தோட்டத்தில் போன் பேசவே சாமியிடம் போக வேண்டியிருக்கிறது – தெரியுமா?

கோயிலில் கைதட்டல். சாமி என்றதும் பெருமாள் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்தான் கோயில் தலைவர்.

மந்திரி எழுந்தார். கரண்டுக்கும் ஏஐக்கும் நீளமாகப் பதில் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் பதில் வந்த மாதிரி இல்லை. தோட்டத்துக்கு மட்டும் சுருக்கமான பதில். எங்கள் அதிகாரிகள் நேரில் போய் மெஷின் வைத்து அளந்திருக்கிறார்கள். அங்கே லைன் முழுசாக இருக்கிறது.

வைபி கையிலிருந்த தாளைப் புரட்டினார். மடித்தார். உட்கார்ந்தார்.

அதையும் படம் ஒரு இடத்தில் நிற்காமல், சுத்தமாகப் பார்த்தோம். முழு லைன்.

சனிக்கிழமை வைபி நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை.

"அக்கா, மந்திரி பொய் சொல்றாரா, நீங்க பொய் சொல்றீங்களா? எனக்கு இப்பவே தெரியணும்."

"யாரு பொய் சொன்னா? இந்தாங்க போனு. வீட்டுக்குள்ள ஒரு கோடு வருதா பாருங்க."

வைபி பார்த்தார். வரவில்லை.

"அப்ப மெஷின எங்க வச்சி அளந்தாங்க?"

சத்தம் கேட்டு வந்து நின்ற பெருமாள் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் வைபி கூட்டிக்கிட்டுப் போனேன்."

"எங்க?"

"கோயிலுக்குத்தான். பாவம், ரெண்டு ஆபிசரும் வெயில்ல மெஷினத் தூக்கிக்கிட்டு அலையிறாங்க. எங்க வச்சாலும் ஒண்ணும் வரல. அவ்ளோ தூரம் வந்தவங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா லா? நல்லா வர்ற எடமா காட்டுனேன். வந்துச்சு. சந்தோஷமா எழுதிக்கிட்டுப் போனாங்க."

"அண்ணே... நான் அங்க நின்னு கத்துறேன். நீங்க இங்க..."

"எளநியும் வெட்டிக் குடுத்தேன்," என்றார் அண்ணன். சொன்னதே சொன்னோம், முழுசாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்திருப்பார்.

அக்காவால் தாங்க முடியவில்லை. "ஏண்ணே, அவங்க என்ன ஒங்க மகளப் பொண்ணு பாக்கவா வந்தாங்க?"

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் இதைத்தானே செய்கிறோம்? யாராவது வருகிறார்கள் என்றால் உடைந்த நாற்காலி அறைக்குள் போகும். பக்கத்து வீட்டுக் காத்தாடி நம் ஹாலுக்கு வரும். நல்ல கிளாஸ் அலமாரியிலிருந்து இறங்கும். வருகிறவர் நம் குறையைப் பார்க்கத்தான் வருகிறார் என்றாலும் சரி... குறையை மட்டும் காட்ட மாட்டோம். வெட்கம். பிறகு, நமக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்போம்.

வைபி மறுபடி மந்திரியைப் பிடித்தார். மறுபடி அளக்க ஒத்துக்கொண்டார்கள். இந்த வாரம் வந்தார்கள். நானும் லீவு போட்டுப் போனேன்.

அக்கா முன்னாடியே சட்டம் போட்டுவிட்டார். கோயில் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. "கேட்டா, கோயிலா, எந்தக் கோயிலுன்னு கேளுங்க." கவிதா வெளியே தலை காட்டக்கூடாது.

கவிதா தலையைக் காட்டினாள்.

"ம்மா, பத்து மணிக்கு மீட்டிங். யாரு வீட்லேர்ந்து வேல பாக்கலாம், யாரு கே.எல். வரணும்னு பாஸ் இன்னிக்குத்தான் முடிவு பண்றாரு."

"நாளைக்கு வச்சிக்கச் சொல்லு."

"அவரு என்ன நம்ம சொந்தக்காரரா?"

"நீ இப்ப மேட்டுக்குப் போனா டவர் போச்சு."

"போகலன்னா வேல போச்சு."

அக்கா அடுப்படிக்குப் போய் வடை தட்ட ஆரம்பித்தார்.

ஆபிசர்கள் வந்துவிட்டார்கள். வைபியும் கூடவே. பெரிய ஆபிசர் ஒரு மலாய்க்காரர். மெஷினை ஹாலில் வைத்தார்கள். ஒன்றும் இல்லை. சமையல்கட்டில் வைத்தார்கள். ஒன்றும் இல்லை. கொல்லையில் வைத்தார்கள். கோழி வந்து பார்த்தது. லைன் வரவில்லை. பெரிய ஆபிசர் தலையை ஆட்டினார் – உண்மைதான், இங்கே லைன் இல்லை.

அக்கா முகத்தில் தீபாவளி. வடைத் தட்டு வந்தது.

ஆபிசர் ஒரு வடை தின்றார். போனைப் பார்த்தார். இந்த ரிப்போர்ட்டை இடத்தை விட்டுக் கிளம்பும் முன்னால் ஆப் வழியாக அனுப்ப வேண்டுமாம். புது ஏற்பாடாம். எல்லாம் டிஜிட்டல்.

"லைன் எங்கே கிடைக்கும்?" என்றார்.

லைன் இல்லை என்று சொல்லவும் லைன் வேண்டும்! இதைக் கண்டுபிடித்தவர் எந்த ஆபிசில் காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாரோ?

எல்லாரும் கூரையைப் பார்த்தோம். வைபி சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பெருமாள் அண்ணனால்தான் முடியவில்லை. ஒரு மனிதர் உதவி கேட்கிறார்... வாய் திறந்தது. அக்கா ஒரு வடையை எடுத்து அதில் வைத்தார்.

அப்போது அறைக் கதவு திறந்தது. கவிதா. மேலே ஆபிஸ் சட்டை, கீழே கைலி, கையில் லேப்டாப்.

"எங்கடி போற?"

"வேலைக்கும்மா."

வாசலில் நின்றாள். ஆபிசரை என்சிக், அதாவது ஐயா, என்று கூப்பிட்டு மலாயில் சொன்னாள். "வாங்க என்சிக். கோயில்ல மட்டும் லைன் இருக்கு. அங்கயும் அளங்க. ஆனா வீட்ல அளந்தத அழிக்காதீங்க. ரெண்டையும் எழுதுங்க. போன தடவ ஒண்ணத்தான் எழுதுனீங்க."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். ஆபிசர் பின்னால் போனார். வைபி போனார். வடையை மென்றுகொண்டே பெருமாள் அண்ணன் போனார். அக்கா கடைசியில் போனார். திட்டிக்கொண்டே.

கவிதா சிமெண்ட் படியில் உட்கார்ந்தாள். மீட்டிங் ஆரம்பித்துவிட்டது. பேச்சு இங்கிலீஷில். எனக்கு அவள் பிறகு சொன்னது இது.

"பின்னால யாரு கவிதா?"

"முனீஸ்வரன் சார்."

"பக்கத்துல?"

"எங்க வைபி சார்."

"அந்த மெஷின்?"

"எங்க வீட்ல லைன் இல்லைன்னு பாக்க வந்திருக்காங்க சார். டோர் பெல்னு சொன்னேன்ல... அது கோயில் மணி சார்."

வைபி விடுவாரா? குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டினார். நாடாளுமன்றத்தில் பேசியதைவிட அதிகம் பேசினார். பாஸ் கடைசியில் இறங்கி வந்தார். வருஷக் கடைசி வரைக்கும் இங்கேயே இருக்கலாம். அதற்குள் டவர் வந்தால் நல்லது. வராவிட்டால் கே.எல்.தான்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

ஆபிசர் இரண்டு அளவையும் அனுப்பினார். கூடவே ஒரு போட்டோ. ஓங்கிய அரிவாளுக்குக் கீழே கைலியும் லேப்டாப்புமாக ஒரு பெண். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவராகவே எடுத்தார்.

வைபி காரில் ஏறப் போனார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வைபி, டேட்டா சென்டரு, கரண்டு, ஏஐ எல்லாம் கேளுங்க. வேணாங்கல. ஆனா மொதல்ல எங்க டவரக் கேளுங்க."

"கண்டிப்பா கேக்குறேன்கா."

"கேட்டா பத்தாது. என்ன சொன்னாங்கன்னு நீங்களே வந்து சொல்லணும். இங்க. என் வீட்டு ஹால்ல. வருஷக் கடைசிக்குள்ள."

வைபி தலையாட்டினார். கார் கிளம்பிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மந்திரியைக் கேள்வி கேட்பது சுலபம். சரசு அக்காவுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.