சுடாத கால்

எங்கள் மலையில் விடியற்காலைக் குளிரில் யாருக்கும் கால் இருக்காது. எழுந்து சிமெண்டுத் தரையில் வைத்தால் கட்டையை வைத்தது போல இருக்கும். பூட்ஸை மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் இறங்கி, வெயில் ஏறிய பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு பேச்சே இல்லை. அதனால்தான் என் வீட்டுக்காரர் ஒருநாள் மத்தியானச் சோற்றின்போது, "வெயில் வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் காலு வரல" என்றபோது, நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வேலைக்குப் போக சோம்பலா இருந்தா நேரா சொல்லுங்க, காலு மேல ஏன் பழி போடுறீங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். இப்போது நினைத்தால் என் வாயில் நானே சூடு வைத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அவர் கொழுந்து வெட்டும் மிஷின் பிடிப்பவர். இரண்டு ஆட்கள் இரு பக்கமும் தூக்கிக்கொண்டு செடிகளின் மேல் ஓட்டியபடி சரிவில் நடக்க வேண்டும். ஈர மண்ணில் கால் பிடித்து நின்றால்தான் மிஷின் நேராகப் போகும். நான் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. வாட்டிய கொழுந்தை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்த்து, பதமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கையால்தான் வாரத்தில் ஒருநாள் அவர் காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கொழுந்தைப் பற்றித் தெரிந்த கைக்குக் காலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அவருக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பது, ரத்தத்தில் சீனி கூடுவது, எங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை விழுங்கிய கையோடு இனிப்பு டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீ ஒரு கிளாஸ் குடிப்பார். கேட்டால், "மாத்திரை உள்ள போயிருச்சு லா, அது பாத்துக்கும்" என்பார். கால் மரத்துப் போவதற்கும் அந்தச் சீனிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. குளிர் இருக்கும்போது வேறு காரணத்தை யார் தேடப்போகிறார்கள்?

ஒருநாள் காலையில் வீட்டுச் சாவியைக் காணவில்லை. கதவோரத்து ஆணியில் மாட்டி வைப்பது வழக்கம். வீட்டையே புரட்டிப் போட்டேன். அவரைத் திட்டினேன், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கதவை வெறுமனே சாத்திவிட்டு இருவரும் வேலைக்குப் போனோம். சாயங்காலம் அவர் படியில் உட்கார்ந்து வலது பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். சாவி கீழே விழுந்தது. ஆணிக்கு நேர் கீழேதான் பூட்ஸ் இருந்திருக்கிறது. உள்ளங்காலில் சாவியின் பல் அப்படியே பதிந்து, ஓரத்தில் லேசாக ரத்தம் கட்டியிருந்தது.

"நாள் பூரா மிதிச்சிருக்கீங்க, எப்படிங்க தெரியாம போச்சு?"

"பழைய காலுறை, மொத்தமா இருந்துச்சு. அதான்."

லயத்தில் பல நாள் இதுதான் சிரிப்பு. வீட்டைத் திறந்து போட்டுவிட்டுக் காலைப் பூட்டிக்கொண்டு போனவர் என்று பெயரே வைத்தார்கள். நானும் ஃபேக்டரியில் அதைக் கதை போலச் சொன்னேன், கொஞ்சம் மசாலா சேர்த்தே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அதில் ஒருவருக்காவது சிரிப்பு வராமல் இருந்திருக்கலாம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி உண்டு. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் பூக்குழியில் இறங்குவார்கள். யாருக்காவது கால் பொத்துப்போனால், விரதத்தில் ஏதோ குறை என்றுதான் எங்கள் ஆட்கள் பேசுவார்கள். சாவி விஷயத்துக்கு முந்தின ஆண்டு தீ மிதித்த அவருக்குக் குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. உடனே, ரிங்லெட் டவுனில் அவர் பீர் குடித்ததை யாரோ பார்த்ததாக ஒரு பேச்சு கிளம்பியது. அவர் குடிக்கவில்லை. ஆனால் நானே அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஊர் கேட்டதைவிட நான் கேட்டதுதான் அவருக்கு வலித்தது.

அதனால் அடுத்த ஆண்டு கடுமையான விரதம் இருந்தார். தீமிதி அன்று எல்லாரும் பூக்குழியில் ஓட, அவர் மட்டும் சாமான் வாங்கக் கடைக்குப் போவதுபோல நிதானமாக நடந்து வந்தார். பால் குழியில் காலை நனைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சுடவே இல்ல புள்ள. பஞ்சு மேல நடந்த மாதிரி இருந்துச்சு."

பூசாரி அவர் நெற்றியில் திருநீறு பூசி, "ஆத்தா தாங்கிட்டா" என்றார். பீர் கதை சொன்னவர்களே வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் தொட்டேன். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அந்த அழுகை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாக நின்ற நாள் வேறு இல்லை.

அதற்கடுத்த ஆண்டு கரகம் எடுத்து முதலில் இறங்கும் மரியாதை அவருக்கே கிடைத்தது. இன்னும் மெதுவாக நடந்தார். நடுவில் ஒரு கணம் நின்றுகூடப் போனார். கூட்டம் சிலிர்த்துப்போனது. சில நாள் கழித்து, காலுறையைக் கழற்றும்போது அது உள்ளங்காலோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தும் வரமாட்டேன் என்றது. தண்ணீர் விட்டு உரித்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே தோல் வெந்து, நடுவில் கறுத்திருந்தது.

"வெளிய சொல்லிறாத," என்றார். "கரகம் எடுத்தவன் காலு வெந்துருச்சுன்னா என்ன பேசுவாங்க, உனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். ஒருமுறை அவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டிருந்தேன், இன்னொரு முறை அவர் தலைகுனிய நான் காரணமாக இருக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். கிளினிக் ஒன்றும் கடல் தாண்டி இல்லை, மோட்டார் சைக்கிளில் போனால் கொஞ்ச நேரம்தான். கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் "வலிக்குதா?" என்று கேட்பேன். "துளிகூட இல்ல" என்பார். வலி இல்லையென்றால் புண் ஆறுகிறது என்று நினைத்தேன். அதே காலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர் மிஷின் பிடிக்கப் போனார்.

காய்ச்சல் வந்து, வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனோம். அவர்கள் பார்த்ததும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயதுப் பெண். அவள் கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழை, பேனாவின் முனையில் செருகியதுபோல இருந்தது.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். இது தொடுறது தெரிஞ்சா 'ஆ'ன்னு சொல்லுங்க."

முதலில் கையில் தொட்டாள். "ஆ" என்றார். பிறகு புண் இல்லாத இடது காலில் தொட்டாள். இழை வளைகிற அளவுக்கு அழுத்தினாள். அவர் பேசாமல் இருந்தார். வேறு இடத்தில் தொட்டாள். பேச்சில்லை. ஏதோ தவறு செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோட்டத்துத் துரை கேட்டால் பதில் சொல்லியே பழகிய மனுஷன். திடீரென்று "ஆ" என்றார். அப்போது டாக்டரின் கை காற்றில் இருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி "ஆ" என்றார். அவள் தொடவே இல்லை. நான் சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

டாக்டர் இழையை வைத்துவிட்டு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வி போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"நடக்கும்போது பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குமா அங்கிள்?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று நான்தான் கேட்டேன்.

"இனிப்பு நீர்ல நரம்பு கெட்டவங்க நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க ஆண்டி."

அவள் பொறுமையாகச் சொன்னாள். தோலுக்குள் சூட்டுக்கு, குத்தலுக்கு, மெல்லத் தொடுவதற்கு என்று தனித்தனியாக நரம்பு முனைகள் இருக்கின்றனவாம். அவை சேதியை முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு அனுப்பினால்தான் சுட்டது என்றே நமக்குத் தெரியுமாம். சீனி கூடிக்கொண்டே போனால் மிக நீளமான நரம்பு முதலில் கெடுமாம். கால்விரலுக்குப் போவதுதான் மிக நீளம். எனக்கு எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தது. குழாயில் எங்கே கோளாறு வந்தாலும் கடைசி வீட்டில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். "நெருப்பு சுட்டுச்சு ஆண்டி. சேதிதான் மேல போகல" என்றாள். வலி என்பது காவல்காரன் மாதிரி என்றும், அவன் போய்விட்டதைத்தான் நாங்கள் புண் ஆறுவதாக நினைத்துவிட்டோம் என்றும் சொன்னாள். அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நாங்கள்தான்.

இப்போது ஃபேக்டரியிலிருந்து வந்ததும் என் முதல் வேலை அவருடைய இடது கால். மடியில் வைத்து, கைப்பேசி விளக்கை அடித்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஏற்கெனவே அப்படிப் பார்த்திருக்க வேண்டிய கால் இன்னொன்று. அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். நான் எப்போது தொட்டேன், எப்போது விட்டேன் என்று அவருக்குத் தெரியாது. "பாத்துட்டியா?" என்று கேட்பார். அப்போது நான் அழுத்திக்கொண்டுதான் இருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். "காலு சுடுது" என்றார். நான் இடது காலைப் பார்த்தேன். "அது இல்ல. அந்தக் காலு" என்றார். "அங்க ஒண்ணும் இல்லங்க" என்று சொல்லிவிட்டேன். பீர் குடிச்சீங்களா என்று கேட்ட அன்று பார்த்தாரே, அதே பார்வை பார்த்தார். மறுமுறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். கால் போனாலும் மூளையில் காலுக்கான இடம் அப்படியே இருக்குமாம். சேதி வராமல் கிடக்கிற அந்த இடம் தானாகவே சேதி உண்டாக்கிக்கொள்ளுமாம். பொய் வலி இல்லை ஆண்டி, நிஜமாகவே வலிக்கும் என்றாள்.

"பூக்குழியில சுடாதது எல்லாம் சேத்து வச்சு இப்ப சுடுது" என்கிறார் அவர். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் மறுத்துப் பேசுவதும் இல்லை. சுடுகிறது என்றால் எழுந்து போய்த் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வருகிறேன். கட்டிலில் அந்தக் கால் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே, வெறும் மெத்தைமேல் விரிக்கிறேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்பார்.

நகர்த்துவேன்.

"ஆ" என்பார். இப்போது அவர் கண்ணை மூடியிருப்பதில்லை. ஊகித்தும் சொல்வதில்லை.